யளனக படித்த கைகளுக்கு

நீதிமன்ற வாசலிலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரிலும் ஜாப் டைப்பிங் கடைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலருக்கு அம்மா வயது எனக்கு. முப்பது ஆண்டுக்கு மேல் இதே வேலை பார்த்தவள். ஹால்டா மெஷினில் தொடங்கி வேர்டில் முடித்தேன். இப்போது கடை இல்லை. வீட்டிலிருந்தபடி மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன்.

போன மாதம் குடும்பப் பத்திரம் ஒன்றுக்காக ஒரு கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். விசைகளை அவள் குனிந்து பார்க்கவே இல்லை. கண் கைப்பிரதியில், விரல் பலகையில். லோயர், ஹையர் இரண்டும் ஒழுங்காகப் படித்த கை என்று பார்த்ததும் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு பத்தியை மேலே கொண்டுபோக வேண்டி வந்தபோது அவள் வலது கை மவுஸுக்குப் போனது. இழுத்துத் தேர்ந்தெடுத்தாள், இழுவை இரண்டு வரி அதிகமாக ஓடிவிட்டது. திரும்ப இழுத்தாள். வலது பட்டன், பட்டியல், வெட்டு. மேலே உருட்டிப் போய் மறுபடி வலது பட்டன், பட்டியல், ஒட்டு. பிறகு கை பலகைக்கு வந்தது, கண் கைப்பிரதிக்கு வந்தது. வந்த கண், விட்ட இடத்துக்கு ஒரு வரி கீழே போய் இறங்கியது. நான்கெல்லையில் வடக்கு எல்லை விடுபட்டுப் போனது.

பக்கத்தில் நான் இருந்ததால் சொன்னேன், அவளும் உடனே சேர்த்துவிட்டாள். நான் இல்லாவிட்டால் அந்த மனைக்கு மூன்று பக்கம்தான் எல்லை இருந்திருக்கும். பதிவு முடிந்தபின் அதைச் சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். யார் காசு, யார் அலைச்சல் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்த மடல் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஷார்ட்கட் என்றால் நேரம் மிச்சம் என்று மட்டுமே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நொடி, பத்து நொடி மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்பதும் நியாயம்தான். நான் சொல்ல வந்தது வேறு. கை பலகையை விட்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் கண்ணும் எழுத்தை விட்டுப் போகிறது. வரி தாவுவதும், பெயர் மாறுவதும், ஒரே வரி இரண்டு முறை விழுவதும் அந்த நேரத்தில்தான். மெய்ப்புப் பார்க்கிற எனக்கு, எந்த இடத்தில் கை மவுஸுக்குப் போனது என்று தாளைப் பார்த்தே பல சமயம் சொல்ல முடிகிறது.

மேலே சொன்ன அதே வேலைக்கு வேர்டில் மவுஸே வேண்டாம். கர்சர் அந்தப் பத்தியில் எங்கே இருந்தாலும் சரி, ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்பை அழுத்துங்கள். பத்தி அப்படியே ஒரு பத்தி மேலே ஏறும். கீழ் அம்பு அழுத்தினால் இறங்கும். தேர்வு இல்லை, வெட்டு இல்லை, ஒட்டு இல்லை.

“எனக்கு இங்கிலீஷ் வராது அக்கா, அதெல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு” என்று என்னிடம் எத்தனையோ பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் ‘யளனக’ அடித்தீர்களே, அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லை. அர்த்தம் தெரிந்தா விரல் கற்றுக்கொண்டது? இடம் தெரிந்து கற்றுக்கொண்டது. ஷார்ட்கட்டும் இடம்தான். இசட், எக்ஸ், சி, வி நான்கும் கீழ் வரிசையில் இடது ஓரத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. பழைய தட்டச்சு வரிசைப்படி பாமினி எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு அந்த நான்கும் ண, ஒ, உ, எ. கன்ட்ரோலோடு ண, செய்ததை ரத்துசெய்யும். ஒ வெட்டும், உ நகலெடுக்கும், எ ஒட்டும். ண ஒ உ எ, ண ஒ உ எ என்று யளனக மாதிரியே ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள்.

தமிழ்99 படித்தவர்களுக்கு இன்னும் வசதி. ஏ விசையில் அ இருக்கிறது: கன்ட்ரோல் அ, அனைத்தையும் தேர்வு செய்யும். வி விசையில் வ இருக்கிறது: கன்ட்ரோல் வ, எடுத்ததைக் கொண்டுவந்து வைக்கும். அனைத்தும், வை. இதை யாரும் நமக்காகத் திட்டமிட்டு அமைக்கவில்லை, தானாக அமைந்தது. கிடைத்ததை எடுத்துக்கொள்வோம். விண்டோஸின் தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போதே இவை வேலை செய்யும். ஷார்ட்கட்டுக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு வர வேண்டியதில்லை.

வெட்டி ஒட்டுவது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு இந்த வேலையின் மேல் மரியாதை கூடியது. உங்கள் கடைப் பலகையில் எழுதியிருக்கிறதே ஜெராக்ஸ், அந்தக் கம்பெனிக்குக் கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. 1970களின் நடுவில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்ற இருவர் அங்கே ஜிப்சி என்றொரு எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். ஜெராக்ஸுக்குச் சொந்தமாக இருந்த ஜின் என்னும் பாடநூல் பதிப்பகத்துக்காக அது. அங்கே வேலை பார்த்தவர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்தார்கள். பதிப்பகங்களில் அப்போது கத்தரிக்கோலும் பசையும் வைத்துத்தான் பத்தியை இடம் மாற்றுவார்கள். மெய்ப்பு மேசையில் இருந்தவர்களின் கைவேலைதான் இன்று உலகம் முழுக்க விரல் நுனியில் இருக்கிறது. டெஸ்லர் 2020இல் காலமானார்.

அதே ஆய்வுக்கூடத்தில் அதற்கு முன் வந்த பிராவோ என்ற செயலியில் ஒரு சிக்கல் இருந்தது. கட்டளை நிலை வேறு, எழுதும் நிலை வேறு. எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் என்ன ஆகும்? முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும். இரண்டாம் எழுத்து அதை அழிக்கும். மூன்றாம் எழுத்து, சேர்க்கும் நிலைக்குப் போகும். மிச்சமுள்ள ‘டி’ மட்டும் திரையில் நிற்கும். இந்த மாதிரி நிலைமாற்றங்களே கூடாது என்று டெஸ்லர் கடைசி வரைக்கும் வாதாடினார். நமக்கு இது புரியும். தமிழில் இருப்பதாக நினைத்து நிமிராமல் கால் பக்கம் அடித்து, நிமிர்ந்து பார்த்தால் முழுக்க ஆங்கில எழுத்தாக நிற்கும் வேதனை நமக்கு அன்றாடம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். மாறியதும் ஒரே ஒரு சொல் அடித்துத் திரையைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். நிமிரும் பார்வையை அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் செலவு செய்யுங்கள்.

நான் கம்ப்யூட்டருக்கு வந்தபோது கற்றது வேர்ட்ஸ்டார். அதில் மவுஸே கிடையாது. கன்ட்ரோலோடு இ மேலே, எஸ் இடது, டி வலது, எக்ஸ் கீழே. கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க், 1982இல் வெளிவந்த ‘2010: ஒடிஸி டூ’ நாவலை வேர்ட்ஸ்டாரில்தான் எழுதி, வட்டில் நியூயார்க்குக்கு அனுப்பினார். பின்னால் நான் வேர்டுக்கு வந்தபோது, இடது பக்கம் நகர்த்திய கன்ட்ரோல் எஸ் சேமிக்கும் விசையாகிவிட்டது. விரல் பழைய பழக்கத்தில் போய் அழுத்தும், கோப்பு சேமிக்கப்படும். அதில் எனக்கு ஒருமுறை பெரிய நஷ்டம் வந்தது.

நம் கடைகளில் புதுப் பத்திரத்தை யாரும் வெறும் தாளிலிருந்து அடிப்பதில்லை. போன வாரம் வேறொருவருக்கு அடித்த செட்டில்மென்ட்டைத் திறந்து, பெயரை மாற்றி, சர்வே எண்ணை மாற்றி அடிப்போம். நானும் அப்படித் திறந்தேன். பாதி மாற்றியிருக்கும்போது கன்ட்ரோல் எஸ். பழைய கட்சிக்காரரின் பத்திரம் போயே போய்விட்டது. அதைவிடக் கொடுமை, புதியவரின் பத்திரத்தில் ஓர் இடத்தில் பழையவரின் தகப்பனார் பெயர் அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. என் அப்பா பெயரையே மாற்றிவிட்டாயே அம்மா என்று மட்டும் கேட்டார். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது, இன்றும் அந்தக் குரல் மறக்கவில்லை.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய கோப்பைத் திறந்ததும், ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதற்கு முன், எஃப் 12. புதுப் பெயர் கொடுங்கள். பிறகு அடியுங்கள். அடித்து முடித்ததும் கன்ட்ரோல் எஃப், பழைய கட்சிக்காரரின் பெயர், அவர் அப்பா பெயர், பழைய சர்வே எண். மூன்றும் ‘இல்லை’ என்று வந்த பிறகுதான் பிரின்ட். நூறு ஷார்ட்கட்டில் ஒன்றைத்தான் கற்றுக்கொள்வேன் என்று நீங்கள் சொன்னால், அது எஃப் 12ஆக இருக்கட்டும்.

கன்ட்ரோல் எஃப் ‘இல்லை’ என்று சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இது தமிழில் அடிக்கிற நமக்கு உள்ள ஆபத்து. சௌந்தரராஜன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ச எழுத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து அடித்தால் ஒரு விதம். செ அடித்து, பக்கத்தில் ள அடித்து ‘செள’ ஆக்கினால் இன்னொரு விதம். திரையிலும் தாளிலும் அநேகமாக ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. நீங்கள் ஒருவிதமாகத் தேடினால் மற்றதைக் காட்டாது. கௌரி, கௌசல்யா, மௌனிகா, ஔவை எல்லாவற்றுக்கும் இதே கதை.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கர்சரை நிறுத்திப் பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். ‘செ’ மிஞ்சினால் அங்கே இருந்தது ளகரம். ‘ச’ மட்டும் மிஞ்சினால் சரியான ஔகாரம். பார்த்ததும் கன்ட்ரோல் இசட். யூனிக்கோடில் பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் எடுக்கும், டெலீட் எழுத்தையும் குறியையும் சேர்த்து எடுக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் ‘கொ’வைக் ‘கோ’ ஆக்க முழு எழுத்தையும் அழித்து அடிக்க வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே கன்ட்ரோல் எச் அழுத்தி, ‘ஒள’ எல்லாவற்றையும் ‘ஔ’ ஆக மாற்று என்று சொல்லிவிடாதீர்கள். ஒளவையார் ஔவையார் ஆவார், சரி. ஆனால் கோப்பில் இருக்கும் ஒளி, ஒளிப்பதிவு, ஒளிவுமறைவு எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும். ‘எவ்வித ஒளிவுமறைவும் இன்றி’ என்ற வாசகம் இல்லாத பிரமாணப் பத்திரம் உண்டா? அதேபோல் ‘கெள’வை மாற்றினால் கெளுத்தி மீன் கெட்டது. மொத்தமாக மாற்று என்பதைத் தமிழில் ஒருநாளும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. ஒவ்வொன்றாகக் கண்டு, பார்த்து, மாற்றுங்கள். இங்கே நிதானம்தான் வேண்டும், வேகம் வேண்டாம். முத்துலட்சுமி, முத்துலெட்சுமி மாதிரிப் பெயர்களுக்கும் அப்படியே. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படி ஒருமுறை தேடுங்கள், இன்னொரு எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடுங்கள்.

பாமினியில் இன்னமும் அடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாமினியில் ‘தமிழ்’ என்பது கம்ப்யூட்டரின் கணக்கில் சின்ன ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. வேர்ட் அதை ஆங்கிலம் என்று நினைத்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய ஜே ஆக்கும். பெரிய ஜே என்றால் து. தமிழ் துமிழ் ஆகிவிடும். ஆன அந்தக் கணமே கன்ட்ரோல் இசட் அழுத்தினால், நீங்கள் அடித்தது போகாது, வேர்ட் செய்த திருத்தம் மட்டும் திரும்பும். ஷிஃப்ட்டோடு எஃப் 3 இன்னும் பெரிய ஆபத்து. ஆங்கிலத்தில் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்க உதவும் விசை அது. பாமினிப் பத்தியைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது கை தவறிப் பட்டால் தகரமெல்லாம் து, ககரமெல்லாம் கு. மறுபடி மறுபடி அழுத்தினாலும் பழையபடி வராது, கன்ட்ரோல் இசட் ஒன்றுதான் மீட்கும். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிக்கோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. முடிந்தவரை சீக்கிரம் மாறிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். உங்கள் விரல் பழகிய பழைய தட்டச்சு வரிசையிலேயே யூனிக்கோடு அடிக்கவும் வழி இருக்கிறது, புதிதாக விசை கற்க வேண்டியதில்லை.

மனுக்களில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, அடுத்த பக்கம் போவதற்கு என்டரைப் பதினைந்து தடவை தட்டுவது. வக்கீல் வந்து நடுவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் கீழே இருக்கும் எல்லாம் குலைந்து, கையெழுத்து இடம் தனியாக ஒரு பக்கத்தில் போய் நிற்கும். கன்ட்ரோல் என்டர் ஒருமுறை போதும், பக்கம் பிரியும், பிரிந்தது நிற்கும். ‘ரூ.’ ஒரு வரியின் கடைசியிலும் ‘5,00,000’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழாமல் இருக்க, நடுவில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் ஸ்பேஸ் தட்டுங்கள். சர்வே எண்ணுக்கும் அப்படியே. தொகை இரண்டாகப் பிரிந்து நிற்கும் பத்திரத்தைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஒட்டும்போது அதன் எழுத்துருவும் நிறமும் சேர்ந்து வந்தால், புதிய வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி. வெறும் எழுத்து மட்டும் வரும். சாப்பிடப் போய் வந்தபின் எங்கே விட்டோம் என்று தேடாதீர்கள், ஷிஃப்ட்டோடு எஃப் 5 உங்களை அங்கேயே கொண்டுபோய் விடும்.

கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. மவுஸைப் பிடித்துக் கையை நீட்டியபடி பல ஆண்டு உட்கார்ந்ததுதான் காரணம் என்று மருத்துவர் சொன்னார். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அதன் பிறகுதான் முழுக்க விசைக்கு மாறினேன், அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஆனால் ஷார்ட்கட்டையும் தப்பான விரலில் அழுத்தினால் மணிக்கட்டு வலிக்கும். இடது சுண்டு விரலால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே அதே கையின் ஆள்காட்டி விரலை வளைத்து வி தொடுகிறீர்கள் அல்லவா, அதை விடுங்கள். இன்ஸ்டிட்யூட்டில் ஷிஃப்ட்டுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? இடது கை எழுத்துக்கு வலது ஷிஃப்ட், வலது கை எழுத்துக்கு இடது ஷிஃப்ட். கன்ட்ரோலுக்கும் அதே விதி. வலது ஓரத்தில் இன்னொரு கன்ட்ரோல் அதற்காகத்தான் இருக்கிறது. அநேகம் பேர் அதைத் தொடுவதே இல்லை.

கடை முதலாளிகளும் இதைப் படித்தால், பிள்ளைகள் பழகும் முதல் இரண்டு வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறையும், குறைந்து பிறகுதான் ஏறும். பக்கக் கணக்கில் கூலி கொடுப்பவர்கள் அந்த இரண்டு வாரத்துக்கு நாள் கூலியாகக் கொடுத்தால் நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். முதல் வாரம் எஃப் 12 மட்டும். அது கையில் உட்கார்ந்த பிறகு ண, ஒ, உ, எ. ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். நானும் ஒட்டியிருந்தேன். ஒரு நாள் தாள் கீழே விழுந்துவிட்டதைச் சாயங்காலம் கடை பெருக்கும்போதுதான் கவனித்தேன்.

அன்புடன்,
பழைய ஜாப் டைப்பிஸ்ட் அக்கா